வீட்டுக்கு ஓர் அச்சுப்பொறி



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்குக் காகிதத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் காகிதம் என்பது தோட்ட ஆபீசில் இருக்கும் பொருள். செக்ரோல் அங்கே இருந்தது. சம்பளக் கணக்கு அங்கே இருந்தது. ஒரு பத்திரத்துக்கு நகல் வேண்டுமென்றால், பால் வெட்டி முடித்து, எடை போட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். கிராணியாருக்கு நேரமிருந்தால் தட்டச்சு செய்து கொடுப்பார். நேரமில்லையென்றால், "நாளைக்கு வா" என்பார். அந்த நாளை பல நாளாவதும் உண்டு.

காகிதம் கையில் இல்லாததால் நம் மக்கள் பட்ட துன்பம் சிறிதன்று. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்றாயிற்று. இந்த மண்ணிலேயே பல்லாண்டுகள் உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி இந்தியா திரும்ப நேர்ந்தது. இன்றும் ஒரு பிறப்புப் பத்திரத்துக்காக அலையும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. ஆகவே, காகிதத்தை உண்டாக்குவதும், நகல் எடுப்பதும், பத்திரமாக வைப்பதும் நமக்கு வெறும் எழுத்து வேலையல்ல. அது குடும்பப் பாதுகாப்பு.

ஒரு காலத்தில் ஆபீசிலும் பட்டணத்துக் கடையிலும் மட்டும் இருந்த இயந்திரம், இப்போது ஒரு தையல் இயந்திரம் பிடிக்கும் இடத்தில் நம் வீட்டு மேசைமேல் உட்காரும் அளவுக்குச் சுருங்கி வந்துவிட்டது. அதுதான் கம்பியில்லாப் பல்பணி அச்சுப்பொறி. கடைக்காரர் இதனை 'ஆல்-இன்-ஒன் வைஃபை பிரிண்டர்' என்பார். இது நமக்குத் தேவைதானா? தேவையென்றால் எந்த வகை? வாங்கியபின் எப்படிக் காப்பது? இம்மூன்றையும் இன்று பார்ப்போம். எந்த நிறுவனத்தின் இயந்திரத்தையும் புகழ்ந்து விற்றுக் கொடுப்பது நமது நோக்கமன்று. கணக்குப் பார்த்து வாங்கும் பழக்கத்தை வளர்ப்பதே நமது நோக்கம்.

முதலில், இந்த இயந்திரம் என்னென்ன செய்யும் என்று தெரிந்துகொள்வோம். இது மூன்று வேலை செய்யும். கைத்தொலைபேசியிலோ கணினியிலோ இருப்பதைத் தாளில் அச்சிடும். கண்ணாடிமேல் வைத்த தாளுக்கு நகல் எடுக்கும். தாளைப் படமாக்கிக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும். இந்த மூன்றாவது வேலையைத்தான் 'ஸ்கேன்' என்கிறோம்.

நகல் எடுக்கும் முறை எப்படிப் பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தார். பத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கையால் பிரதி எடுத்துச் சலித்துப்போனார். அந்தச் சலிப்பே அவரை ஆராய்ச்சியில் இறக்கியது. 1938 அக்டோபர் 22-ஆம் நாள், நியூயார்க்கில் ஒரு சிறிய அறையில், மின்னூட்டத்தையும் ஒரு வகைத் தூளையும் கொண்டு முதல் நகலை எடுத்துக் காட்டினார். அது எளிதில் இயக்கக்கூடிய அலுவலக இயந்திரமாக வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 என்னும் இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 300 கிலோ. இன்று நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் தனியாகவே அச்சுப்பொறியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம்.

சரி, இது நம் வீட்டுக்குத் தேவைதானா?

நம் குடும்பங்களில் இன்று தோட்ட வேலையோடு வேறு வேலைகளும் வீட்டிலேயே நடக்கின்றன. ஒரு வீட்டில் அக்காள் ரவிக்கை தைக்கிறார். இன்னொரு வீட்டில் தீபாவளிக்கும் மற்ற நாள்களுக்கும் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறார்கள். வேறொரு வீட்டில் மூத்த பெண் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறாள். இவர்களுக்கெல்லாம் ரசீது வேண்டும், பொட்டலத்தில் ஒட்டும் லேபல் வேண்டும், பயிற்சித் தாள் வேண்டும். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் பயிற்சிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கேள்விகளை நோட்டில் எழுதிய வீடுகள் எத்தனை! அச்சிட்ட தாளின் அருமை அன்று பல பெற்றோருக்குத் தெரிந்தது.

ஆனாலும், அடுத்த வீட்டில் இருக்கிறது என்பதற்காக நாமும் வாங்க வேண்டியதில்லை. வாங்குமுன் ஒரு சிறு காரியம் செய்வோம். சுவரில் தொங்கும் நாள்காட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் முழுவதும், எத்தனை பக்கம் அச்சிட அல்லது நகல் எடுக்கத் தேவைப்பட்டது என்று அந்தந்தத் தேதியின் கட்டத்தில் குறித்து வருவோம். வண்ணத்தில் எத்தனை, கறுப்பில் எத்தனை என்பதையும் எழுதுவோம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்போம். அந்த எண்தான் நமக்கு வழிகாட்டி. அது தெரியாமல் கடைக்குப் போவது, அளவு எடுக்காமல் துணி வாங்குவது போலாகும்.

இப்போது வகைகளைப் பார்ப்போம். வீட்டுக்கு வாங்கும் அச்சுப்பொறிகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, காட்ரிஜ் என்னும் சிறிய மைக்கூடு வைத்தது. இயந்திரத்தின் விலை குறைவு. மை தீர்ந்தால் கூட்டையே மாற்ற வேண்டும். இரண்டாம் வகை, மைத்தொட்டி வைத்தது. இயந்திரத்தின் விலை அதிகம். மை தீர்ந்தால் குப்பியிலிருந்து தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். இந்தத் தொட்டி வகையை எப்சன் நிறுவனம் 2010-இல் முதன்முதலாக நம் அண்டை நாடான இந்தோனேசியாவில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களும் அவ்வழியில் வந்தன. மூன்றாம் வகை, லேசர். இதில் நீர் மை இல்லை. டோனர் என்னும் மைத்தூள். அந்தத் தூளைச் சூட்டினால் உருக்கித் தாளில் பதிக்கிறது.

விலையைப் பார்த்து மயங்கும் இடம் இதுதான். ஒரு கணவனும் மனைவியும் பட்டணத்துக் கடைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏங்க, இது 250 வெள்ளிதானாம். அது 650 வெள்ளி. இதையே எடுத்துக்கலாங்க" என்கிறார் மனைவி.

"கொஞ்சம் பொறும்மா. மை என்ன விலை, எத்தனை பக்கம் வரும்னு கேட்டுட்டு அப்புறம் சொல்லு" என்கிறார் கணவர்.

கணவர் கேட்ட கேள்வியே சரியான கேள்வி. அச்சுப்பொறிக்கு விலை இரண்டு. ஒன்று, வாங்கும் அன்று கொடுப்பது. மற்றொன்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பது.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். விலை கடைக்குக் கடை மாறும். முறையை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். ஒரு கறுப்பு மைக்கூட்டின் பெட்டியில் 480 பக்கம் என்று போட்டிருக்கிறது. விலை 40 வெள்ளி என்று வைப்போம். அப்படியானால் ஒரு பக்கத்துக்கு எட்டுக் காசுக்கு மேலாகிறது. தொட்டியில் ஊற்றும் கறுப்பு மைக்குப்பியில் 4,500 பக்கம் என்று போட்டிருக்கிறது. விலை 30 வெள்ளி என்று வைப்போம். ஒரு பக்கத்துக்கு ஒரு காசுகூட ஆகவில்லை.

உடனே, "தொட்டி வகைதான் சிறந்தது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாள்காட்டியில் குறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் மாதம் 40 பக்கம்தான் தேவை என்றால், ஆண்டுக்கு 480 பக்கம். மைக்கூட்டு வகையில் ஆண்டுக்கு ஒரு கூடு, 40 வெள்ளி. தொட்டி வகையில் 3 வெள்ளிச் சொச்சம். மிச்சம் ஏறத்தாழ 37 வெள்ளி. தொட்டி இயந்திரத்துக்கு அதிகமாகக் கொடுத்ததோ 400 வெள்ளி. அதனை ஈடுகட்டப் பத்து ஆண்டுக்கு மேலாகும். அதுவரை இயந்திரம் உழைக்குமா?

வேறொரு வீட்டில் டியூஷன் நடக்கிறது. மாதம் 400 பக்கம். ஆண்டுக்கு 4,800 பக்கம். மைக்கூட்டு வகையில் பத்துக் கூடு, 400 வெள்ளி. தொட்டி வகையில் 32 வெள்ளி. மிச்சம் 368 வெள்ளி. அதிகமாகக் கொடுத்த 400 வெள்ளி பதின்மூன்று மாதத்தில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். ஒரே இயந்திரம் ஒரு வீட்டுக்கு நஷ்டம், மற்றொரு வீட்டுக்கு லாபம். இதனால்தான் முதலில் எண்ணுங்கள் என்றோம்.

வண்ண அச்சு என்றால் இந்த வேற்றுமை இன்னும் பெரிதாகும். மூன்று வண்ணமும் ஒரே கூட்டில் அடைத்து, 150 பக்கம் என்று போட்டு விற்கும் வகை உண்டு. அதில் மஞ்சள் மட்டும் தீர்ந்துபோனாலும் கூடு முழுவதையும் மாற்ற வேண்டும். தொட்டி வகையில் தீர்ந்த வண்ணத்தை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அனைத்துலகத் தர அமைப்பு வகுத்த மாதிரிப் பக்கங்களை, நிறுத்தாமல் தொடர்ந்து அச்சிட்டுப் பார்த்து எடுத்த கணக்கு அது. நாமோ இன்று இரண்டு பக்கம், நாலு நாள் கழித்து மூன்று பக்கம் என்று அச்சிடுவோம். இடையிடையே இயந்திரம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளவும் மை செலவாகும். புதிய இயந்திரத்தோடு வரும் மைக்கூடு பல வேளைகளில் முழு அளவுக் கூடாக இராது. தொட்டி வகையிலும், முதன்முறை ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும். ஆகவே, பெட்டியில் உள்ள எண்ணில் கொஞ்சம் கழித்தே கணக்குப் போட வேண்டும்.

லேசர் வகைக்கு வருவோம். நீர் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும், தூள் உலராது. ஒரு மாதம் சும்மா கிடந்தாலும் லேசர் இயந்திரம் பழையபடி அச்சிடும். அதன் எழுத்து தண்ணீர் பட்டாலும் கரையாது. மழையில் நனையக்கூடிய ரசீதுக்கும், கை படும் லேபலுக்கும் இது நல்லது. எப்போதோ ஒருமுறை, கறுப்பில் மட்டும் அச்சிடுகிற வீட்டுக்கு இது பொருத்தம். ஆனால் புகைப்படத்துக்கு ஏற்றதன்று. அச்சிடும்போது சூடேற்ற வேண்டியிருப்பதால் மின்சாரமும் அதிகம் இழுக்கும்.

மாதம் பத்துப் பக்கம்கூட இல்லையா? வாங்காமலே இருக்கலாம். பட்டணத்துக்கு வேறு காரியமாகப் போகும்போது கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் மட்டும்தான் வேண்டுமென்றால், கைத்தொலைபேசியிலேயே அதற்கான வசதி உண்டு. அதற்காக இயந்திரம் வாங்கக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை.

எந்த வகையானாலும், தவணைக்கு வாங்குவதைத் தவிர்ப்போம். தவணை முடியுமுன் மை தீர்ந்துவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு கடன் கழுத்தில் ஏறும். கடையில் பணம் கொடுக்குமுன் நாலு கேள்வி கேட்க வேண்டும். இதற்குரிய மை இந்தப் பட்டணத்திலேயே எப்போதும் கிடைக்குமா? உத்தரவாதம் எத்தனை காலம், பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார்? நம் கைத்தொலைபேசியோடு இது சேருமா? மை தீர்ந்துபோனால் ஸ்கேன் மட்டுமாவது வேலை செய்யுமா? சில இயந்திரங்கள் மை இல்லையென்றால் ஸ்கேன் செய்யவும் மறுத்துவிடும். முடிந்தால் நம் கைத்தொலைபேசியிலிருந்தே ஒரு பக்கம் அச்சிட்டுக் காட்டச் சொல்வோம். கேட்பதில் வெட்கமில்லை. காசு நம்முடையது.

இனி 'கம்பியில்லா' என்ற சொல்லுக்கு வருவோம். இந்தப் பேச்சை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது வானொலி அலை. கைத்தொலைபேசியில் இருக்கும் கடிதத்தை அச்சுப்பொறிக்குக் கொண்டுபோவதும் அதே இனத்தைச் சேர்ந்த அலைதான். எட்டும் தூரம் மட்டும் மிகக் குறைவு. ஒரு வீட்டுக்குள் அடங்கிவிடும். கம்பியில்லா அச்சுப்பொறி என்றால் மின்சாரக் கம்பியும் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சுவரிலிருந்து மின்சாரம் வந்தாக வேண்டும். கைத்தொலைபேசிக்கும் இயந்திரத்துக்கும் இடையில்தான் கம்பி இல்லை.

வீட்டில் வைஃபை பெட்டி இருந்தால், கைத்தொலைபேசியும் அச்சுப்பொறியும் இரண்டும் அதே வைஃபையில் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று வைஃபையிலும் மற்றொன்று வேறிடத்திலும் இருந்தால், ஒன்றையொன்று காணாது. பல வைஃபை பெட்டிகள் இரண்டு அலைவரிசை தரும்: ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். வீட்டு அச்சுப்பொறிகளில் பல முதல் அலைவரிசையை மட்டுமே அறியும். "எவ்வளவு முயன்றாலும் சேர மாட்டேன் என்கிறது" என்று சொல்லும் வீடுகளில், இதுவே காரணமாக இருப்பதுண்டு.

தோட்டத்தில் வைஃபை பெட்டி ஏது, கைத்தொலைபேசி டேட்டாதானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அப்படிப்பட்ட வீடுகள் 'வைஃபை டைரக்ட்' என்னும் வசதி உள்ள இயந்திரமாகப் பார்த்து வாங்க வேண்டும். அதில் இணையமே தேவையில்லை. கைத்தொலைபேசி நேராக அச்சுப்பொறியோடு பேசிக்கொள்ளும். ஐபோனில் 2010 முதலே அச்சிடும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளிலும் பின்னர் வந்துவிட்டது. நிறுவனத்தின் செயலியைப் பதிவிறக்கம் செய்துகொண்டால், அதுவே படிப்படியாகக் காட்டிக் கொடுக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவான். ஆனால் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அம்மாவும் ஒருமுறை கூட உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளை விடுதிக்குப் படிக்கப் போனபின் இயந்திரம் துணி மூடிக் கிடக்கக் கூடாதல்லவா?

வாங்கிய பொருளைக் காப்பது எப்படி? மை வகை இயந்திரத்தின் தலையில், மயிரிழையைவிட நுண்ணிய துளைகள் வரிசை வரிசையாக இருக்கும். அவற்றின் வழியே மை துளித் துளியாகத் தெறிக்கிறது. 1977-இல் ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், சூடான ஈயப்பற்றுக் கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. அதைக் கண்டு பிறந்ததுதான் வெப்பத்தால் மை தெறிக்கும் முறை. அந்தத் துளைகள் உலர்ந்து அடைபடுவதே இவ்வகை இயந்திரத்துக்கு வரும் முதல் நோய். மருந்து எளிது. வாரத்துக்கு ஒருமுறையாவது, எல்லா வண்ணமும் வரும்படி ஒரு பக்கம் அச்சிட வேண்டும். அப்படியும் எழுத்தில் கோடு விழுந்தால், தலை சுத்தம் செய்யும் கட்டளையை ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை கொடுக்கலாம். ஓயாமல் கொடுத்தால் மைதான் வீணாகும்.

அணைக்கும்போது இயந்திரத்திலுள்ள பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். அப்போதுதான் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவர் சுவிட்சை நேராகத் தட்டினால் தலை நடுவழியில் திறந்தபடி நின்று உலர்ந்துபோகும். நம் நாட்டில் இடிக்கும் மின்னலுக்கும் பஞ்சமில்லை. மாலையில் மழை இருட்டிக்கொண்டு வரும்போது, முதலில் பொத்தானால் அணைத்து, விளக்குகள் நின்றபின் சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கிவிடுவது நல்லது.

தொட்டியில் மை ஊற்றும்போது, கறுப்புக்குக் கறுப்பு, நீலத்துக்கு நீலம் என்று பார்த்து ஊற்ற வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே மை இறங்க விடக் கூடாது. குழாயில் காற்று புகுந்துவிடும். மை நிரம்பிய இயந்திரத்தைச் சாய்த்துத் தூக்கக் கூடாது. மைக்குப்பி சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

தாளுக்கும் கவனிப்பு வேண்டும். சதுர மீட்டருக்கு 70 அல்லது 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள் சாதாரண வேலைக்குப் போதும். ஒரு கட்டில் 500 தாள் இருக்கும். நம் ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் தாள் நமுத்த அப்பளம் போலாகும். இயந்திரத்தில் சுருண்டு மாட்டிக்கொள்ளும். தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்போம். அடுப்படிக்கு அருகில் இயந்திரத்தை வைக்க வேண்டாம். எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் அதற்கு ஆகாது. தாள் மாட்டிக்கொண்டால் இயந்திரத்தை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் மெதுவாக, தாள் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். கிழிந்த துண்டு ஒன்று உள்ளே நின்றுவிட்டால் அதுவே அடுத்த நாள் தொல்லை.

நேயர்களே, இயந்திரத்தைப் பற்றிப் பேசினோம். தொடக்கத்தில் சொன்ன காகிதத்துக்கு மீண்டும் வருவோம். அச்சுப்பொறி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்ய வேண்டும் தெரியுமா? தகரப் பெட்டியை இறக்க வேண்டும். பாட்டியின் பழைய அடையாள அட்டை, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ஊழியர் சேமநிதிக் கணக்கு, சொக்சோ கடிதங்கள், நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும். பத்திரங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவு போதும். பழைய புகைப்படங்களுக்கு 600 வைக்கலாம். நைந்துபோன பத்திரத்தைத் தானாகத் தாள் இழுக்கும் தட்டில் போடக் கூடாது, இழுத்துக் கிழித்துவிடும். கண்ணாடிமேல்தான் வைக்க வேண்டும். படங்களுக்கு யாருடையது, என்ன பத்திரம் என்று பெயரிட்டுக் கைத்தொலைபேசியில் ஒன்றும், வேறோர் இடத்தில் ஒன்றும் சேமிக்க வேண்டும். தாள் நகல் ஒரு தொகுப்பை உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பதும் நல்லது.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வரும்போது பிள்ளைகளைத் தூக்குவோமா, பெட்டியைத் தேடுவோமா? நகல் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள எண்ணும் தேதியும் இருந்தால், இலாகாவில் மறுபத்திரம் கேட்டு விண்ணப்பிக்கும் வேலை எளிதாகும். ஒன்றுமே இல்லாமல் போய் நிற்பதற்கும், எண்ணோடு போய் நிற்பதற்கும் எவ்வளவோ வேற்றுமை உண்டு.

வீட்டிலேயே அச்சிடுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. இன்று கடைகளில், "வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அச்சிட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். நம் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் அப்படியே முன்பின் தெரியாதவர் கைத்தொலைபேசியில் தங்கிவிடுகின்றன. வீட்டு இயந்திரத்தில் அந்த அச்சமில்லை. அடையாள அட்டையின் நகலை வெளியில் கொடுக்கும்போது, குறுக்கே இரண்டு கோடு போட்டு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று மலாயில் எழுதித் தேதியும் போட்டுக் கொடுப்போம். அந்த நகலை வேறு காரியத்துக்கு யாரும் எளிதில் பயன்படுத்த முடியாது. இயந்திரத்தின் வைஃபை கடவுச்சொல்லையும், பெட்டியில் வந்தபடி விட்டுவைக்காமல் மாற்றிவிடுவோம்.

செய்யக் கூடாதவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். விளையாட்டுக்காகக்கூடப் பண நோட்டை நகல் எடுக்கக் கூடாது. சான்றிதழ் நகலில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. பாட நூலை முழுவதுமாக நகல் எடுத்து விற்பது 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு மாறானது. வீட்டில் தொழில் செய்பவர்கள் கொடுத்த ரசீதுக்கும் வாங்கிய சாமானுக்கும் நகல் எடுத்து, மாதவாரியாக அடுக்கி, ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். வருமான வரி இலாகா கேட்கும் காலம் அது. கணக்கு இருக்கும் தொழிலை நம்பித்தான் வங்கியும் கடன் கொடுக்கும்.

கடைசியாக ஒரு யோசனை. மாதம் 40 பக்கம் தேவைப்படும் ஒரு வீட்டுக்கு நல்ல இயந்திரம் கட்டாது என்று கணக்கில் பார்த்தோம். ஆனால் அதே லயத்தில் அப்படிப்பட்ட வீடுகள் பத்து இருக்கின்றன அல்லவா? பத்து வீடு சேர்ந்தால் மாதம் 400 பக்கம். நம்பிக்கையான ஒரு வீட்டிலோ, கோயில் மண்டபத்திலோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பிலோ ஓர் இயந்திரத்தை வைக்கலாம். பக்கத்தில் ஒரு நோட்டும் ஓர் உண்டியலும் வைக்கலாம். அச்சிட்டவர் பெயரையும் பக்கத்தையும் எழுதி, பக்கத்துக்கு இத்தனை காசு என்று போட்டுவிடட்டும். தாளும் மையும் அந்தக் காசிலேயே வாங்கலாம். ஒருவர் அச்சிட்ட படத்தை இன்னொருவர் பார்க்காதபடி உடனே அழித்துவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டனும் பாட்டியும் ஒரு தாளுக்காக ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அந்தத் தாள் இப்போது நம் மேசைமேலேயே வந்து விழுகிறது. எண்ணிப் பார்த்து வாங்குவோம். வாங்கியதை வாரந்தோறும் இயக்கிக் காப்போம். தகரப் பெட்டியில் இருப்பதையெல்லாம் இந்த மாதமே படமாக்கி வைப்போம். நாளைக்கு நம் பிள்ளை எந்த இலாகாவுக்குப் போனாலும், "பத்திரம் எங்கே?" என்ற கேள்விக்குத் தலைகுனியாமல் பதில் சொல்லட்டும்.